கோடிங் தெரியாமல் அட்மின் வேலைக்குப் போகலாமா?

புது நாட்டில் வேலை தேடத் தொடங்கினால், நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களைப் பராமரிக்கும் சேல்ஸ்ஃபோர்ஸ், உள்ளே வரும் சேவைக் கோரிக்கைகளைக் கையாளும் சர்வீஸ்நவ் ஆகிய மென்பொருள்களுக்கு அட்மின் தேவை என்ற விளம்பரங்கள் கண்ணில் படும். "நமக்குத்தான் கோடிங் தெரியாதே" என்று பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். கணக்குப் பிரிவிலும் வாடிக்கையாளர் சேவையிலும் வருடக்கணக்கில் வேலை பார்த்தவர்கள்கூட இப்படி விலகிக்கொள்வதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். அட்மினாகச் சேர நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. எது நடந்தால் அடுத்து எது நடக்க வேண்டும் என்று வரிசையாக யோசிக்கத் தெரிந்தால் போதும்.

அன்றாட வேலையைப் பாருங்கள். புதிதாகச் சேர்ந்தவருக்கு லாகின் கொடுக்க வேண்டும், விலகியவரின் லாகினை அன்றே முடக்க வேண்டும். ரிப்போர்ட் தயாரிப்பது, ஒரே வாடிக்கையாளர் இரண்டு முறை பதிவாகியிருந்தால் ஒன்றாக்குவது, யார் எதைப் பார்க்கலாம், யார் எதைத் திருத்தலாம் என்று அனுமதி கொடுப்பது எல்லாம் இதில் சேரும். இவை திரையிலேயே செய்யக்கூடியவை. ஆனால் எளிது என்று நினைத்துவிடாதீர்கள். சேல்ஸ்ஃபோர்ஸில் ப்ரொஃபைல், பர்மிஷன் செட், ரோல், ஷேரிங் ரூல் என்று அனுமதிக்குப் பல அடுக்குகள் உண்டு. "ஒருவருக்கு ஒரு பதிவு தெரியவில்லை, எங்கே தேடுவீர்கள்?" என்று நேர்காணலில் கேட்டால் இந்த அடுக்குகளை ஒவ்வொன்றாகச் சொல்லி வர வேண்டும். இதைச் சரியாகச் சொல்பவரிடம் ஜாவா தெரியுமா என்று கேட்கத் தோன்றாது.

டேட்டாவில் கவனம் வேண்டும். ஒரு சின்ன விஷயம் சொல்கிறேன். சேல்ஸ்ஃபோர்ஸில் ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு ஐடி உண்டு. அதன் 15 எழுத்து வடிவத்தில் பெரிய 'ஏ'வும் சின்ன 'ஏ'வும் வெவ்வேறு. எக்செல்லில் பொருத்தித் தேடும் வீலுக்அப் சூத்திரம் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். அந்த ஐடியை வைத்துப் பொருத்தி ஏற்றினால் ஒருவருடைய விவரம் இன்னொருவர் பதிவில் போய் உட்காரும், எந்தப் பிழைச்செய்தியும் வராது. இதைத் தவிர்க்கத்தான் 18 எழுத்து வடிவம் இருக்கிறது. இதில் கோடிங் ஒரு வரிகூட இல்லை. ஆனால் இது தெரியாத அட்மினால் ஒரு நிறுவனத்துக்கு வரும் சேதம் பெரிது.

அப்புறம் ஃப்ளோ, அதாவது வேலைகளைத் தானாக நடக்கவைக்கும் சேல்ஸ்ஃபோர்ஸ் கருவி. வொர்க்ஃப்ளோ ரூல், ப்ராசஸ் பில்டர் என்ற பழைய கருவிகளுக்கான ஆதரவுக்கு 2025 டிசம்பர் 31 என்று சேல்ஸ்ஃபோர்ஸ் முடிவுநாள் குறித்தது. எனவே தானாக நடக்கும் வேலைகளுக்கு ஃப்ளோதான் கற்க வேண்டியது. கட்டங்களை இழுத்து இணைப்பதுபோலத் தெரிந்தாலும் உள்ளே நிபந்தனை, மதிப்பைத் தாங்கும் மாறி, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் லூப் எல்லாம் இருக்கிறது. உண்மையில் அதுவும் நிரலாக்கம்தான், எழுத்தில்லாத நிரலாக்கம். லூப்புக்குள் பதிவைத் தேடும் கட்டத்தை வைத்துவிட்டால், இரண்டு மூன்று பதிவுகளை வைத்துச் சோதிக்கும்போது நன்றாக ஓடும். சில நூறு பதிவுகள் வரும் நாளில் நின்றுவிடும், ஏனென்றால் ஒரே பரிவர்த்தனையில் 100 தேடலுக்கு மேல் அந்தத் தளம் அனுமதிப்பதில்லை. ஆகவே ஒரு மொழியை முழுசாகக் கற்பதற்கு முன், இந்த யோசனை முறையைப் பழகிக்கொள்ளுங்கள்.

சர்வீஸ்நவ் பக்கம் கணக்கு கொஞ்சம் வேறு. அங்கே தானாக இயங்கும் பிசினஸ் ரூல், கிளையன்ட் ஸ்கிரிப்ட் எல்லாம் ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல் மொழியில் எழுதப்படுகின்றன. எழுதாவிட்டாலும் படித்துப் புரிந்துகொள்ளும் தேவை சீக்கிரமே வரும். கோடிங்கை நினைத்தாலே தயங்குபவர்கள் சேல்ஸ்ஃபோர்ஸிலிருந்து தொடங்குவது நல்லது என்பது என் கருத்து.

விளம்பரத்தில் அட்மின் என்று போட்டுவிட்டு, உள்ளே சேல்ஸ்ஃபோர்ஸின் நிரல் மொழியான ஏபெக்ஸ் எழுதத் தெரிய வேண்டும் என்று கேட்பார்கள். ஏபெக்ஸ் நிரலை உண்மையான பயன்பாட்டுக்குக் கொண்டுபோக, அதில் குறைந்தது 75 சதவீதத்தைச் சோதனை நிரல்கள் ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும் என்பது தளத்தின் விதி. அது டெவலப்பர் வேலை. அப்படி ஒரு விளம்பரத்தைக் கண்டால், "வாரத்தில் எவ்வளவு நேரம் நிரல் எழுத வேண்டியிருக்கும்?" என்று நேரடியாகக் கேட்டுவிடுங்கள். பல இடங்களில் "எழுத வேண்டாம், டெவலப்பரோடு பேசத் தெரிந்தால் போதும்" என்பார்கள். சம்பளத்தை அட்மின் அளவில் வைத்துக்கொண்டு இரண்டு வேலையையும் கேட்கும் இடங்களும் உண்டு. அங்கே யோசித்து முடிவெடுங்கள்.

படிப்பதற்குச் செலவு தேவையில்லை. 2014-ல் தொடங்கிய ட்ரெயில்ஹெட் என்ற சேல்ஸ்ஃபோர்ஸின் இணையப் பயிற்சித் தளம் இலவசம். டெவலப்பர் எடிஷன் என்ற பயிற்சிக் கணக்கும் இலவசம். சர்வீஸ்நவ்வும் இலவசப் பயிற்சித் தளம் தருகிறது. முதலில் இவற்றில் கை பழகட்டும், பணம் கட்டும் வகுப்பைப் பிறகு பார்க்கலாம்.

உள்நாட்டு அனுபவம் இல்லையே என்பதுதான் அடுத்த கவலை. தகுதியுள்ள தொண்டு நிறுவனங்களுக்கு சேல்ஸ்ஃபோர்ஸ் 10 உரிமங்களை இலவசமாகத் தருகிறது. அவற்றில் சிறிய அமைப்புகள் பலவற்றில் அதைப் பராமரிக்க ஆள் இருக்காது. தன்னார்வமாக உதவினால் உண்மையான பயனர்களோடு வேலை செய்த அனுபவமும், பரிந்துரைக்க ஓர் ஆளும் கிடைக்கும். உங்கள் விசாவில் சம்பளமில்லாத வேலைக்கு அனுமதி இருக்கிறதா என்று மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

இதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். "இல்லாத அனுபவத்தை ரெஸ்யூமேயில் போட்டுத் தருகிறோம், நேர்காணலையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்று சிலர் அணுகுவார்கள். ஏற்காதீர்கள். பின்னணிச் சரிபார்ப்பில் பிடிபட்டால் வேலை மட்டுமல்ல, விசாவும் சிக்கலாகலாம்.

நேர்காணலில் கோடிங் தெரியுமா என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்: "எழுதுவதில்லை. ஃப்ளோவில் இன்னின்ன செய்திருக்கிறேன். ஒரு ட்ரிகரைப் படித்து அது எப்போது ஓடும் என்று சொல்ல முடியும்." பதிவு மாறும்போது தானாக ஓடும் ஏபெக்ஸ் நிரல்தான் ட்ரிகர். பதிலின் அந்தக் கடைசி வரியைச் சொல்வதற்கு முன், பயிற்சிக் கணக்கில் ட்ரிகர்கள் சிலவற்றை உண்மையிலேயே திறந்து, நிரல் எப்படி ஓடியது என்று காட்டும் டீபக் லாகை வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்துப் பாருங்கள். "சரி, ஒன்றைக் காட்டுங்கள்" என்று அவர்கள் கேட்கக்கூடும்.