பிரெஞ்சு மொழிப் படங்களைத் தேடிப் பார்ப்பது எப்படி

பிரெஞ்சுப் படம் வேறு, பிரெஞ்சு மொழிப் படம் வேறு. தேடலில் முதல் சறுக்கல் இங்கேதான். பல நாட்டு இயக்குநர்களின் படங்களுக்குப் பிரான்ஸ் பணம் போடுகிறது. பிரெஞ்சு இயக்குநர் ஜாக் ஓதியாரின் 'எமிலியா பெரெஸ்' 2025-இல் பிரான்சின் தேசியத் திரைப்பட விருதான செசாரைச் சிறந்த படத்துக்காக வாங்கியது, ஆனால் அதில் பெரும்பகுதி ஸ்பானிய மொழி. 2015-இல் ஆஸ்கர் போட்டிக்குப் பிரான்ஸ் அனுப்பிய 'முஸ்தாங்' படத்தில் பேசுவது துருக்கிய மொழி. இன்னொரு பக்கம், இயக்குநர்களான தார்தென் சகோதரர்கள் பெல்ஜியத்துக்காரர்கள், இயக்குநர் சேவியர் தோலான் கனடாவில் பிரெஞ்சு பேசும் மாகாணமான கியூபெக்கைச் சேர்ந்தவர். இவர்களுடைய பாத்திரங்கள் பேசுவது பிரெஞ்சு. 'நாடு: பிரான்ஸ்' என்று மட்டும் வடிகட்டினால் வேண்டாதது உள்ளே வரும், வேண்டியது நழுவிவிடும். காதில் விழும் மொழிதான் முக்கியம் என்றால் ஐஎம்டிபி என்ற திரைப்படத் தகவல் தளத்தின் விரிவான தேடலில் மொழியைத் தேர்ந்தெடுங்கள். ஒரு படத்துக்குப் பல மொழிகள் போட்டிருந்தால் எது முதன்மையானது என்பதையும் பாருங்கள்.

பார்க்கத் தகுந்த பெயர்களைச் சேர்க்க விருதுப் பரிந்துரைப் பட்டியல்கள் நல்ல ஊற்று. வென்ற படத்தை மட்டும் எடுக்காமல் பரிந்துரையான எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிரான்சுக்கு 1976 முதல் செசார், பெல்ஜியத்தின் பிரெஞ்சு மொழிப் பகுதிக்கு 2011 முதல் மக்ரித், கியூபெக்குக்கு ஐரிஸ் விருதுகள். ஆப்பிரிக்கப் படங்களுக்கு, புர்கினா ஃபாசோவின் வாகடூகு நகரில் 1969-இல் தொடங்கிய ஃபெஸ்பாக்கோ விழாவின் பட்டியல். செனகல் படங்களில் பிரெஞ்சைவிட வொலோஃப் மொழி அதிகம் ஒலிப்பது உண்டு, அதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம்.

பெயரை எழுதும்போது மூலத் தலைப்பையும் இயக்குநர், ஆண்டு இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள். ஆங்கிலத் தலைப்பு நாட்டுக்கு நாடு மாறும். 2011-இல் வந்த 'அந்தூஷாப்ல்' அமெரிக்காவில் 'த இன்டச்சபிள்ஸ்', பிரிட்டனில் 'அன்டச்சபிள்'. ஒரு தலைப்பில் தேடிக் கிடைக்காததால் படமே இல்லை என்று முடிவு செய்துவிடுவது மிகவும் சகஜம்.

அக்கம்பக்கத்தில் எங்கே

முதலில் பார்க்க வேண்டிய இடம் பிரெஞ்சு மொழி கற்பிக்கும் அலியான்ஸ் ஃபிரான்சேஸ். 1883-இல் தொடங்கிய இந்த அமைப்புக்கு உலகெங்கும் கிளைகள் உண்டு. வகுப்பில் சேராதவர்களுக்கும் பல கிளைகள் திரையிடல் நடத்துகின்றன. இணையதளத்தில் அட்டவணை தாமதமாக ஏறலாம், அதனால் மின்னஞ்சல் பட்டியலில் பெயரைச் சேர்த்துவிடுவது நல்லது. கிளையில் நூலகம் இருந்தால் டிவிடிகளும் இருக்கின்றனவா என்று கேளுங்கள். வேறெங்கும் கிடைக்காத பழைய படங்கள் அந்த அலமாரிகளில் இருக்கும்.

மார்ச் மாதத்தைத் தவறவிடாதீர்கள். மார்ச் 20 சர்வதேச பிரெஞ்சு மொழி நாள். அதையொட்டி பிரான்ஸ் தூதரகம் மட்டுமல்லாமல் கனடா, சுவிட்சர்லாந்து, பெல்ஜியம் முதலிய தூதரகங்களும் சேர்ந்து படம் போடுவது வழக்கம், பெரும்பாலும் இலவசம். பிரான்சுக்கு வெளியே எடுத்த பிரெஞ்சு மொழிப் படங்களைப் பெரிய திரையில் பார்க்க இதைவிட நல்ல தருணம் கிடைப்பது அரிது.

திரைப்பட விழாக்களைப் பொறுத்தவரை, மே மாதம் பிரான்சில் நடக்கும் கான் விழாவில் முதன்முதலாகக் காட்டப்படும் படங்கள் அதன்பின் பல மாதங்களுக்கு மற்ற நகரங்களின் விழாக்களைச் சுற்றிவரும். விழாக் கையேட்டில் 'பிரான்ஸ்' பகுதியோடு நின்றுவிடாதீர்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் மொழி, ஆண்டு, ஓடும் நேரம் என்று ஒரு வரி இருக்கும். கையேடு முழுக்க அந்த வரியை மட்டும் ஓட்டிப் பார்த்தால் துனிசியா, கனடா, பெல்ஜியம் என்ற தலைப்புகளின் கீழிருந்தும் பிரெஞ்சு மொழிப் படங்கள் வெளியே வரும். திரைப்படச் சங்கங்களும் பல்கலைக்கழகப் பிரெஞ்சுத் துறைகளும் சுவரொட்டி ஒட்டாமலே படம் போடுவது உண்டு. நேரில் கேட்டால்தான் தெரியும்.

வீட்டில் பார்க்க

காசு கொடுப்பதற்கு முன் இலவசமானவற்றைப் பார்த்துவிடலாம். டிவி5மோந்த் பிளஸ் என்ற பிரெஞ்சு மொழிக் காணொளித் தளம் பெரும்பாலான நாடுகளில் இலவசம், பல படங்களுக்கு ஆங்கில சப்டைட்டிலும் உண்டு. பிரெஞ்சுப் படங்களை வெளிநாடுகளில் பரப்பும் யூனிஃபிரான்ஸ் அமைப்பு 2011 முதல் ஆண்டின் தொடக்கத்தில் 'மை பிரெஞ்ச் ஃபிலிம் ஃபெஸ்டிவல்' என்ற இணைய விழாவை நடத்துகிறது. அதில் குறும்படங்கள் இலவசமாகக் கிடைத்துவந்திருக்கின்றன, சப்டைட்டிலும் பல மொழிகளில் இருக்கும். பாரிசின் திரைப்பட ஆவணக் காப்பகமான சினிமாத்தேக் ஃபிரான்சேஸ் 2020-இல் திறந்த 'ஆன்ரி' தளத்தில் மீட்டெடுத்த அபூர்வப் படங்கள் இருக்கின்றன, ஆனால் சப்டைட்டில் இல்லாதவை அதிகம். கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்துக்கு ஆங்கிலத் தளம் ஒன்றும் பிரெஞ்சுத் தளம் ஒன்றும் உண்டு, பிரெஞ்சுப் படங்களைப் பிரெஞ்சுத் தளத்தில்தான் தேட வேண்டும். பிரான்சும் ஜெர்மனியும் சேர்ந்து நடத்தும் ஆர்த்தே தொலைக்காட்சியின் தளத்தில் ஆவணப்படங்கள் பல நாடுகளில் திறக்கும். முழுநீளக் கதைப்படங்கள் பல பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் வெளியே திறப்பதில்லை.

கட்டணத் தளங்களில் குறிப்பிட்ட ஒரு படம் எங்கே ஓடுகிறது என்பதை ஜஸ்ட்வாட்ச் என்ற தேடல் தளம் காட்டும். தளத்தில் உங்கள் நாடு சரியாகத் தேர்வாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒளிபரப்பு உரிமை நாடு வாரியாக விற்கப்படுவதால் வேறு நாட்டுப் பட்டியலால் உங்களுக்குப் பயனில்லை. புதுப்படம் வரவில்லையே என்று தவிப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: பிரான்சிலேயே ஒரு படம் அரங்குக்கு வந்து பொதுவாக 4 மாதம் கழிந்த பிறகுதான் வாடகைக்கோ விலைக்கோ இணையத்தில் கிடைக்கும். சந்தாத் தளங்களுக்கு வர அதைவிட நெடுங்காலம் ஆகும்.

நெட்ஃபிளிக்சை உலாவியில் திறந்து, மொழிவாரியாகத் தேடும் பகுதிக்குப் போங்கள். அங்கே மூல மொழி, டப்பிங், சப்டைட்டில் என்று மூன்று தெரிவுகள் உண்டு. 'மூல மொழி'யைத் தேர்ந்து பிரெஞ்சு என்று கொடுத்தால்தான் பிரெஞ்சில் எடுத்தவை மட்டும் வரும். படம் ஓடத் தொடங்கியதும் ஆடியோவைச் சரிபாருங்கள், ஆங்கில டப்பிங் தானாக ஓடத் தொடங்கியிருக்கலாம். பிரெஞ்சு சப்டைட்டில் தெரிவிலேயே இல்லையென்றால் சுயவிவர அமைப்பில் விருப்ப மொழிகளில் பிரெஞ்சைச் சேர்த்துப் பாருங்கள்.

மொழி கற்பவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. இரண்டு வகைப் பிரெஞ்சு சப்டைட்டில் இருந்தால் செவித்திறன் குறைந்தோருக்கானதைத் தேர்ந்தெடுங்கள். பிரெஞ்சில் எடுத்த படத்தில் அதுவே பேச்சை நெருக்கமாகப் பின்தொடரும். கியூபெக் படங்களுக்கு இது மிகவும் உதவும். அந்த உச்சரிப்பு புரியாமல் பிரான்ஸ் அரங்குகளிலேயே சில படங்களைப் பிரெஞ்சு சப்டைட்டிலோடு காட்டுகிறார்கள்.

டிஸ்க் வாங்குகிறவர்கள் அட்டையின் பின்புறத்தைப் படிக்காமல் காசு கொடுக்கக் கூடாது. வி.ஓ. என்றால் மூல மொழி. வி.எஃப். என்றால் பிரெஞ்சு ஒலி, அயல்நாட்டுப் படமென்றால் பிரெஞ்சு டப்பிங். வி.ஓ.எஸ்.டி.எஃப்.ஆர். என்பதைப் பலர் பிரெஞ்சுப் படம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது வேற்று மொழிப் படம், பிரெஞ்சு சப்டைட்டிலோடு. பிரான்சில் வெளியாகும் பிரெஞ்சுப் படங்களில் ஆங்கில சப்டைட்டில் இல்லாதவை ஏராளம், அது அட்டையில் அச்சாகியிருந்தால் மட்டுமே நம்புங்கள். மண்டலக் குறியீடு, அதாவது டிஸ்க் எந்தப் பகுதி நாடுகளின் பிளேயரில் ஓடும் என்ற குறி, இன்னொரு தடை. பிரான்ஸ் டிவிடிகள் மண்டலம் 2, ப்ளூரே மண்டலம் பி. மண்டலப் பூட்டு இல்லாத டிஸ்க்குகளும் உண்டு, 4கே அல்ட்ரா எச்டி டிஸ்க்குக்கு மண்டலமே கிடையாது.

சப்டைட்டில் பொருந்தாதபோது

சப்டைட்டில் தனிக் கோப்பாக இருந்தால் மூன்று கோளாறுகள் வரும், மூன்றுக்கும் காரணம் வேறு. é, ç போன்ற ஒலிக்குறியுள்ள எழுத்துகள் குப்பையாகத் தெரிந்தால் அது எழுத்துக் குறியாக்கச் சிக்கல், கோப்பை யூடிஎஃப்-8 ஆக மாற்றிச் சேமித்தால் சரியாகும். தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஒரே அளவு முன்னே பின்னே இருந்தால் விஎல்சி பிளேயரில் ஜி, எச் விசைகள் போதும், ஒவ்வொரு அழுத்தலுக்கும் 50 மில்லிவினாடி நகரும். ஆரம்பத்தில் சரியாக இருந்து போகப் போக விலகினால் அந்த விசைகளால் பயனில்லை. அங்கே சட்டக வேகமே, அதாவது வினாடிக்கு எத்தனை சட்டகம் (ஃபிரேம்) ஓடுகிறது என்பதே வேறு. வினாடிக்கு 24 சட்டகத்தில் 100 நிமிடம் ஓடும் படம், 25 சட்டகமாக ஓடும் ஐரோப்பிய டிவிடியில் 96 நிமிடத்தில் முடிந்துவிடும். அந்த டிவிடிக்குச் செய்த சப்டைட்டிலை 24 சட்டகப் பதிப்போடு ஓட்டினால் கடைசியில் 4 நிமிட வித்தியாசம். 'சப்டைட்டில் எடிட்' என்ற இலவச மென்பொருளில் சட்டக வேகத்தை 25-இலிருந்து 24-க்கு மாற்றிச் சேமிக்க வேண்டும்.

நாலு பேரைக் கூட்டிப் பொது இடத்தில் படம் போட நினைத்தால், வீட்டுச் சந்தாவோ சொந்த டிஸ்க்கோ அதற்கு அனுமதி தராது. பொதுத் திரையிடல் உரிமம் தனி. லாபநோக்கற்ற திரையிடல்களுக்காகவே பிரான்ஸ் அரசின் பண்பாட்டு அமைப்பான பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட் 'ஐஎஃப் சினிமா' என்ற படத் தொகுப்பை வைத்திருக்கிறது. அருகிலுள்ள அலியான்ஸ் வழியாக அதை அணுகலாம். திரையிடும் நாளுக்கு முன்பே கடைசி வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். முன்வரிசைத் தலைகள் சப்டைட்டிலை மறைத்தால் திரையை இன்னும் அரை மீட்டராவது உயர்த்த வேண்டியிருக்கும்.