சேதனப் பயிர்ச்செய்கையில் நைதரசன்: வன்னி விவசாயிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்தபோது, வன்னியின் நெல் விவசாயிகள் யூரியா இட்டுவந்த இடத்தில் கூட்டெருவை இட்டுப் பெரும்போகம் செய்ய நேர்ந்தது. பயிர் மஞ்சளித்ததற்கு எருப் பற்றாக்குறை மட்டுமே காரணம் என்று இன்றும் பலர் எண்ணுகின்றனர். கணக்கும் காலமும் பிழைத்தமை அதற்குக் குறையாத காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 100 கிலோ யூரியாவில் 46 கிலோ நைதரசன் உண்டு. நூற்றுக்கு 1 பங்கு நைதரசன் கொண்ட கூட்டெருவில் அதே அளவைப் பெற 4.6 தொன் வேண்டும். அதிலும் ஒரு பகுதியே முதற் போகத்தில் பயிருக்குக் கிடைக்கும், மீதி மண்ணில் மெல்ல மெல்லவே விடுபடும். ஆகவே மூட்டைக்கு மூட்டை ஈடுசெய்ய முனைவது தவறு.

காலத் தவறு இதைவிடப் பெரியது. மாதக்கணக்கில் வெயிலில் காய்ந்து கிடந்த மண்ணில் ஐப்பசி மழை விழுந்ததும் நுண்ணுயிர்கள் விழித்தெழுந்து, பயிர் வேர்கள் உறிஞ்சும் நைதரசன் வடிவமான நைத்திரேற்றைச் சில வாரங்களுக்குள் நிறைய வெளிவிடுகின்றன. அந்நேரம் நிலம் வெறுமையாகக் கிடந்தால் அது மழைநீரோடு வேருக்கு எட்டாத ஆழத்துக்கு இறங்கிவிடும்; வயலில் நீர் தேங்கினாலோ, காற்றில்லாத சேற்றில் வாயுவாக மாறிப் பறந்துவிடும். மழைக்கு முன்னரே விதைத்துவிடும் நம் முன்னோரின் புழுதி விதைப்பில், அந்த முதல் நைத்திரேற்றை ஏந்திக்கொள்ள இளவேர்கள் ஆயத்தமாக இருந்தன என்பதை நாம் மறக்கக் கூடாது. மாட்டுப்பட்டி அடைத்த வயலையும், பச்சைச் சாணம் பரப்பிய நிலத்தையும் உழாமல் விட்டாலும் இழப்புத்தான். அவற்றின் நைதரசன் அமோனியா வாயுவாகி வெயிலோடு போய்விடும்.

வைக்கோலை எரித்தால் அதிலுள்ள நைதரசனில் பெரும்பகுதி புகையோடு போகும். ஆனால் எரிக்காமல், விதைப்பதற்குச் சற்று முன்னர் உழுது புதைப்பதும் பிழையே. வைக்கோலில் ஒரு பங்கு நைதரசனுக்கு அறுபது, எண்பது பங்கு காபன் இருப்பதால், அதை உக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணில் உள்ள நைதரசனையே எடுத்துக்கொள்கின்றன. நாற்று மஞ்சளிக்கிறது, நாம் நோய் என்று மருந்து தேடுகிறோம். அறுவடை முடிந்த கையோடு பரப்பி உக்க விடுவது, அல்லது கிளிரிசிடியா (சீமைக்கிளுவை) மரக் குழையுடன் கலந்து கூட்டெருவாக்குவது நல்லது.

உழுந்தும் பயறும் போட்டால் அடுத்த பயிருக்கு எருவே வேண்டாம் என்பது பரவலான நம்பிக்கை. வேர்முடிச்சுகள் காற்றிலிருந்து பிடித்த நைதரசனில் பெரும்பங்கு மணியோடு வீட்டுக்கு வந்துவிடுகிறது. செடியை வேரோடு பிடுங்கிக் களத்துக்குக் கொண்டுபோனால் மிச்சமும் நிலத்தை விட்டுப் போகும். அடியில் அரிவாளால் அறுத்து, அடித்த பின் கொடியையும் சருகையும் வயலுக்கே திருப்பிக் கொண்டுவர வேண்டும். அப்போதும் அடுத்த பயிருக்கான எருவைக் குறைக்கலாமே தவிர நிறுத்த முடியாது.

பசுந்தாள் உரத்துக்காகச் சணல் (சணப்பை) விதைப்பவர்கள், பூக்கத் தொடங்கும்போதே மடக்கி உழ வேண்டும். தண்டு நாராகிவிட்டால் வைக்கோலின் கதைதான். கிளிரிசிடியாக் குழை விரைவில் உக்குவதால், மிளகாய்க்கு அதை நடுகைக்கு நெடுநாள் முன்னரே தாழ்ப்பது வீண். கன்று வேரூன்றிக் கிளைக்கும் வேளையில் வரிசையோரம் தாழ்த்து மண் அணைத்தால், பூ வைக்கும் நேரத்தில் அது பயிருக்குக் கிடைக்கும்.