புலம்பலை ஜெபமாக்குவது எப்படி?

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது, பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரத்துத் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. பிள்ளையைப்போல் வளர்த்த மரங்களை ஒரே இரவில் இழந்தவரிடம், “எல்லாம் நன்மைக்கே, ஸ்தோத்திரம் சொல்லுங்கள்” என்பது ஆறுதலாகாது. வேதாகமமே துயரப்பட்டவரை அப்படி அவசரப்படுத்துவதில்லை.

வேதாகமத்தின் ஜெபப்பாடல்களான சங்கீதங்களில் 13ஆம் சங்கீதத்திலிருந்து தொடங்குங்கள். ஆறே வசனங்கள்தான், வாய்விட்டு வாசியுங்கள். “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?” என்று தொடங்கி, முதல் இரண்டு வசனங்களுக்குள் ‘எதுவரைக்கும்’ என்று நான்கு முறை கேட்கிறார் தாவீது. அவர் கடவுளைப் பற்றிப் பிறரிடம் குறைப்பட்டுக்கொள்ளாமல் அவரிடமே கேட்பதால்தான் அது ஜெபமாகிறது. அடுத்த இரண்டு வசனங்கள் விண்ணப்பம். கடைசி இரண்டு நம்பிக்கை. நம்பிக்கை இன்னும் உங்கள் வாயில் வரவில்லையென்றால் நான்காம் வசனத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பிறகு உங்கள் சொந்த முறையீட்டை எழுதுங்கள். “என் கஷ்டங்களை நீர் அறிவீர்” என்று பொதுவாக எழுதாமல், வட்டிக்கு வாங்கிய பணம், கருகிய குறுவை, பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எழுதுங்கள். கோபம் வந்தால் அதையும் மறைக்க வேண்டாம். 88ஆம் சங்கீதம் ஆறுதலான ஒரு முடிவுரைகூட இல்லாமல் நின்றுவிடுகிறது, ஆனாலும் அது வேதத்தில் இடம்பெற்றிருக்கிறது.

ஊரே சேர்ந்து இழந்திருந்தால் புலம்பல் ஆகமத்தை எடுங்கள். கி.மு. 586ஐ ஒட்டி எருசலேம் பாபிலோனியரிடம் அழிந்த துயரம் அதன் ஐந்து அதிகாரங்களிலும் நிறைந்திருக்கிறது. கர்த்தருடைய இரக்கங்களைப் பற்றி “அவைகள் காலைதோறும் புதியவைகள்” என்று அதில் வரும் வசனத்தை மட்டும் பிரித்தெடுத்துச் சுவரில் மாட்டும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. அதற்கு முன்னுள்ள கண்ணீரையும், பின்னர் மீண்டும் வருகிற கண்ணீரையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

தனியே வாசிக்க முடியாதவர்களுக்கு நம் டெல்டாப் பெண்கள் நன்கறிந்த ஒரு வழி உண்டு: ஒப்பாரியில் தோளோடு தோள் சாய்ந்து ஒருவர் சொல்லெடுக்க, மற்றவர்கள் அழுகையோடு சேர்ந்துகொள்வார்கள். வீட்டு ஜெபக்கூட்டத்திலும் ஒருவர் ஒவ்வொரு வரியாக வாசிக்க, மற்றவர்கள் “எதுவரைக்கும், கர்த்தாவே” என்று பதில் சொல்லலாம். துக்கம் விசாரிக்கச் செல்பவர்கள் காரணம் கற்பிக்காமல் உடன் அமர்ந்திருந்து, மறுநாள் நிவாரண மனு கொடுக்க வி.ஏ.ஓ. அலுவலகத்துக்கும் துணைக்குச் செல்ல வேண்டும்.