இங்கிலாந்தில் கவுன்சில் தேர்தல்: நம் ஊர் பாஸ்போர்ட்டோடு முதல் ஓட்டுப் போடுவது எப்படி?

கேம்பிரிட்ஜுக்கு வந்த முதல் வருடம் கவுன்சிலிலிருந்து, அதாவது இந்த ஊர் உள்ளாட்சி மன்றத்திலிருந்து, ஒரு கடிதம் வந்தது. வாக்காளர் பட்டியல் பற்றியது. நான் இந்தியக் குடிமகன், இந்த ஊர்த் தேர்தலுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்து அதைத் தூக்கிப் போட்டுவிட்டேன். மூன்று வருடம் கழித்து அலுவலகத் தோழி ஒருவர் சொல்லித்தான் எனக்கும் ஓட்டு உண்டு என்று தெரிந்தது. அந்த மூன்று வருடம் போனது எனக்கு இன்றும் வருத்தம்தான். புதிதாக வருகிறவர்களுக்கு அப்படி நேரக்கூடாது என்றுதான் இதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில், உங்களுக்கு ஓட்டு இருக்கிறதா?

இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் காமன்வெல்த் நாடுகள். காமன்வெல்த் குடிமக்கள் செல்லுபடியாகும் விசாவோடு இங்கிலாந்தில் குடியிருந்தால், 18 வயது நிரம்பியிருந்தால், கவுன்சில் தேர்தலில் ஓட்டுப் போடலாம். நாடாளுமன்றத் தேர்தலிலும் போடலாம். நிரந்தரக் குடியுரிமையோ பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டோ தேவையில்லை. வேலை விசா, மாணவர் விசா, துணைவர் விசா எதுவானாலும் சரி. பெயரைப் பதிவு செய்வதால் உங்கள் விசாவுக்கு ஒரு பாதிப்பும் வராது. இதைத் தனியாகச் சொல்லக் காரணம், பலரைத் தயங்க வைப்பது இந்த பயம்தான்.

எந்த கவுன்சில், எப்போது தேர்தல்?

புதியவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். இங்கிலாந்தின் பல பகுதிகளில் இரண்டு அடுக்கு நிர்வாகம் இருக்கிறது. மேலே கவுன்டி கவுன்சில்: பள்ளிகள், சாலைகள், நூலகங்கள், முதியோர் பராமரிப்பு அதன் பொறுப்பு. கீழே டிஸ்ட்ரிக்ட் கவுன்சில்: குப்பை எடுப்பது, வீடு கட்ட அனுமதி, கவுன்சில் வீடுகள், பூங்காக்கள், டாக்ஸி உரிமம், உணவகங்களின் சுகாதாரச் சோதனை எல்லாம் அதனிடம். கவுன்சில் வரியை வசூலிப்பதும் டிஸ்ட்ரிக்ட்தான், ஆனால் அதில் பெரும்பங்கு கவுன்டிக்குப் போகிறது. கிராமப்புறங்களில் இவற்றுக்கும் கீழே பாரிஷ் கவுன்சில் இருக்கும்.

தேர்தல் சுழற்சியும் ஊருக்கு ஊர் மாறும். கேம்பிரிட்ஜ் நகர கவுன்சிலும் சட்டப்படி ஒரு டிஸ்ட்ரிக்ட்தான். அங்கே 14 வார்டு, வார்டுக்கு 3 பேர் வீதம் 42 கவுன்சிலர்கள். வழக்கமாக ஒரு வருடத்தில் மூன்றில் ஒரு பங்கு இடங்களுக்கு மட்டும் தேர்தல் நடக்கும். அதனால் 2022, 2023, 2024 என்று தொடர்ந்து மூன்று வருடம் ஓட்டுப் பதிவு வந்தது. நான்காவது வருடமான 2025-இல் நகரத் தேர்தல் இல்லை, கவுன்டிக்குத் தேர்தல் நடந்தது. நகரத்தைச் சுற்றியிருக்கும் தெற்கு கேம்பிரிட்ஜ்ஷயர் டிஸ்ட்ரிக்டில் வேறு முறை. 45 இடங்களுக்கும் நான்கு வருடத்துக்கு ஒருமுறை ஒரே நாளில் தேர்தல்: 2018, பிறகு 2022. பத்து நிமிட சைக்கிள் தூரத்தில் வீடு மாறினால் உங்கள் தேர்தல் ஆண்டே மாறிப்போகலாம்.

இன்னொரு விஷயம். இரண்டு அடுக்கு இருக்கும் பகுதிகளையெல்லாம் ஒரே அடுக்காக மாற்றுவது என்று 2024 டிசம்பரில் வெளியிட்ட வெள்ளை அறிக்கையில் அரசு சொல்லியிருக்கிறது. ஆகவே உங்கள் பகுதியின் நிலவரத்தை கவுன்சில் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கீழே சொல்லியிருக்கும் படிகள் எந்த வகை கவுன்சிலுக்கும் பொருந்தும்.

பெயரைப் பதிவு செய்வது

கவ்.யூகே என்ற பிரிட்டிஷ் அரசுத் தளத்தில் "ரெஜிஸ்டர் டு வோட்" என்ற பக்கம் இருக்கிறது. ஐந்து நிமிட வேலை, கட்டணம் கிடையாது. முகவரி, பிறந்த தேதி, குடியுரிமை, தேசியக் காப்பீட்டு எண் கேட்பார்கள். அந்த எண் இன்னும் வரவில்லை என்றாலும் விண்ணப்பிக்கலாம், கவுன்சில் வேறு ஆவணம் கேட்கும்.

நம் பெயர்களில்தான் சிக்கல் வரும். ஒற்றைப் பெயர், முன்னால் இனிஷியல், அப்பா பெயரைக் கடைசிப் பெயராக எழுதியவர்கள், பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருப்பவர்கள் என்று நம்மிடம் பல வகை உண்டு. வாக்குச்சாவடியில் உங்கள் அடையாள ஆவணத்தையும் பட்டியலையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அதனால் காட்டப்போகும் ஆவணத்தில் பெயர் எப்படி இருக்கிறதோ, முடிந்தவரை அப்படியே பதிவு செய்யுங்கள். "எஸ். குமார்" என்று ஓரிடத்திலும் "குமார் சுப்ரமணியன்" என்று இன்னோரிடத்திலும் இருந்தால் வீண் அலைச்சல். குடும்பப் பெயர் கட்டத்தில் என்ன எழுதுவது என்று புரியாவிட்டால் கவுன்சிலின் தேர்தல் பிரிவுக்குப் போன் செய்து கேட்டுவிடுங்கள்.

படிவத்தில் "ஓபன் ரெஜிஸ்டர்" என்று ஒரு கேள்வி வரும். அந்தப் பட்டியலை யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து வாங்கலாம். வேண்டாம் என்று குறித்துவிடுங்கள். உங்கள் ஓட்டுரிமைக்கும் அதற்கும் தொடர்பு இல்லை.

கணவர் பதிவு செய்தால் மனைவிக்கும் சேர்த்து ஆகிவிடும் என்று நினைக்காதீர்கள். 2014-லிருந்து ஒவ்வொருவரும் தனித்தனியாகத்தான் பதிவு செய்ய வேண்டும். வீடு மாறினாலும் திரும்பப் பதிவு செய்ய வேண்டும். இன்னொரு பலன்: முழுப் பட்டியலைக் கடன் தகுதி பார்க்கும் நிறுவனங்களும் பயன்படுத்துகின்றன. போன் ஒப்பந்தம், வீட்டுக்கடன் என்று போகும்போது பட்டியலில் பெயர் இருப்பது கைகொடுக்கும்.

கெடு தேதிகள்

தேர்தல் பெரும்பாலும் மே மாத முதல் வியாழக்கிழமை நடக்கும். பதிவுக்குக் கடைசி நாள் அதற்கு 12 வேலை நாள் முன்னால். சனி, ஞாயிறு, அரசு விடுமுறை இதில் சேராது. 2024 மே 2 தேர்தலுக்கு ஏப்ரல் 16 நள்ளிரவோடு பதிவு முடிந்தது. தபால் ஓட்டுக்கு விண்ணப்பிக்க மறுநாள் மாலை 5 மணி வரை. உங்களுக்காக இன்னொருவர் ஓட்டுப் போடும் ப்ராக்ஸி முறைக்கு ஏப்ரல் 24 மாலை 5 மணி வரை.

மே மாதம் ஊருக்குப் போகிறவர்கள் ப்ராக்ஸியைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. தபால் ஓட்டுச் சீட்டு இந்தியாவுக்கு வந்து, நீங்கள் நிரப்பி, அது திரும்ப இங்கே வந்து சேர்வதற்குள் தேர்தலே முடிந்துவிடும். தபால் ஓட்டுப் போடுவதாக இருந்தால் கையெழுத்தில் கவனம் தேவை. விண்ணப்பத்தில் தமிழில் கையெழுத்துப் போட்டிருந்தால் ஓட்டோடு அனுப்பும் படிவத்திலும் தமிழிலேயே போடுங்கள். பொருந்தாவிட்டால் ஓட்டு எண்ணிக்கையில் சேராது.

யாருக்குப் போடுவது?

இதை நான் சொல்ல முடியாது. ஆனால் தெரிந்துகொள்ளும் வழி இருக்கிறது. வேட்பாளர் பட்டியலை கவுன்சில் தன் தளத்தில் வெளியிடும். டெமாக்ரசி கிளப் என்ற அமைப்பின் தளத்தில் அஞ்சல் குறியீட்டைத் தட்டினாலும் பெயர்கள் வரும். ஏப்ரலில் வீடு வீடாக வந்து கதவைத் தட்டுவார்கள். ஒளிந்துகொள்ளாமல் கதவைத் திறந்து கேள்வி கேளுங்கள். தெருவிளக்கு, வாடகை வீட்டு ஈரச்சுவர், பக்கத்து மைதானத்தில் வரப்போகும் அடுக்குமாடி, எதுவானாலும் கேட்கலாம். நம் ஆங்கிலம் எப்படி இருக்குமோ என்று கூச்சப்பட வேண்டாம். அவர்கள் வந்திருப்பதே உங்கள் ஓட்டைக் கேட்கத்தான்.

ஓட்டுப் போடும் நாள்

காலை 7 முதல் இரவு 10 மணி வரை. இரவு 10 மணிக்கு வரிசையில் நின்றால்கூட அனுமதி உண்டு. எந்தச் சாவடி என்பது வீட்டுக்கு வரும் "போல் கார்டு" என்ற வாக்காளர் அறிவிப்பு அட்டையில் இருக்கும். பள்ளி, தேவாலயம், சமூகக்கூடம் என்று ஏதாவது ஓரிடம். அந்த அட்டை தொலைந்துபோனாலும் ஓட்டுப் போடலாம்.

புகைப்பட அடையாளம்தான் கட்டாயம். 2023 மே தேர்தலிலிருந்து இந்த விதி நடைமுறையில் இருக்கிறது. இந்திய, இலங்கை பாஸ்போர்ட் செல்லும், ஏனென்றால் எல்லா காமன்வெல்த் நாட்டு பாஸ்போர்ட்டும் பட்டியலில் இருக்கிறது. பிரிட்டிஷ் ஓட்டுநர் உரிமமும் செல்லும். பயோமெட்ரிக் குடியேற்ற அட்டை காலாவதியாகியிருந்தாலும், படத்தில் இருப்பது நீங்கள்தான் என்று தெரிந்தால் போதும். ஆதார், இந்திய ஓட்டுநர் உரிமம், கல்லூரி அடையாள அட்டை எதுவும் செல்லாது. போனில் இருக்கும் ஈவிசாவைக் காட்டியும் பயனில்லை. கையில் எதுவுமே இல்லையென்றால் வோட்டர் அத்தாரிட்டி சர்டிபிகேட் என்று ஒன்றை இலவசமாக வாங்கலாம். அதற்கும் தேர்தலுக்கு 6 வேலை நாள் முன்பே, மாலை 5 மணிக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

வாசலில் கட்சி நிறத்தில் ரிப்பன் பூ குத்திக்கொண்டு சிலர் நின்று உங்கள் வாக்காளர் எண்ணைக் கேட்பார்கள். அவர்கள் கட்சித் தொண்டர்கள். சொல்ல விருப்பமில்லையென்றால் சொல்ல வேண்டியதில்லை.

உள்ளே இயந்திரம் கிடையாது, விரலில் மையும் வைக்க மாட்டார்கள். ஒரு காகிதச் சீட்டு, கட்டிவைத்த பென்சில், அவ்வளவுதான். உங்கள் பேனாவையும் பயன்படுத்தலாம். சீட்டின் மேல்பகுதியை முதலில் படியுங்கள். எத்தனை பேருக்குப் போடலாம் என்று அங்கே எழுதியிருக்கும். சில வார்டுகளில் ஒருவர், சில இடங்களில் இரண்டு அல்லது மூன்று பேர். குறைவாகப் போடலாம், அதிகமாகப் போட்டால் சீட்டு செல்லாது. பெயருக்கு எதிரே பெருக்கல் குறி போடுங்கள். தவறிப்போய் மாற்றிக் குறித்துவிட்டால் பெட்டியில் போடும் முன் அலுவலரிடம் கொடுத்துப் புதுச் சீட்டு கேளுங்கள், தருவார்கள். ஒரே நாளில் வேறு தேர்தலும் நடந்தால் இன்னொரு சீட்டு வரும். 2024-இல் காவல்துறையை மேற்பார்க்கும் ஆணையருக்கான தேர்தலும் சேர்ந்து வந்தது.

குடும்பமாகப் போகிறவர்களுக்கு ஒன்று. மறைப்புக்குள் ஒருவர்தான் போகலாம். அடுத்தவர் கூடவே நின்று எங்கே குறிப்பது என்று சொல்வது 2023-இல் வந்த சட்டப்படி குற்றம். அன்பாகச் சொன்னாலும் குற்றம்தான். அம்மாவுக்கோ மனைவிக்கோ படிவம் புரியாது என்று தோன்றினால் வீட்டிலேயே விளக்கிவிட்டுக் கூட்டிப் போங்கள். அவர் ஓட்டு அவருடையது. சின்னப் பிள்ளைகளைக் கூட அழைத்துப் போகலாம், தடையில்லை.

அப்புறம்?

சில ஊர்களில் அன்றிரவே எண்ணுவார்கள், சில ஊர்களில் மறுநாள். அதிக ஓட்டு வாங்கியவர் ஜெயிப்பார். சமமாக வந்தால் சீட்டுக் குலுக்கல்தான். 2017-இல் நார்தம்பர்லாந்து கவுன்சிலில் ஓர் இடம் சமமாகி, குச்சி இழுத்து முடிவு செய்தார்கள். அந்த ஒரு இடம் கைவிட்டுப் போனதால் கன்சர்வேட்டிவ் கட்சிக்கு அங்கே பெரும்பான்மை கிடைக்காமல் போயிற்று. அந்த வார்டில் வீட்டிலேயே இருந்துவிட்ட ஒருவர் வந்திருந்தாலும் கதை வேறு.

முடிவு வந்ததும் உங்கள் வார்டு கவுன்சிலரின் மின்னஞ்சல் முகவரியைப் போனில் சேமித்துக்கொள்ளுங்கள். அது கவுன்சில் தளத்தில் இருக்கும். நீங்கள் யாருக்குப் போட்டீர்கள் என்பது அவருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். தொடர்ந்து குப்பை எடுக்காமல் போனால், கவுன்சிலில் புகார் செய்தும் பதில் வரவில்லையென்றால், அவருக்கு நாலு வரி எழுதுங்கள். முகவரியைச் சேர்க்க மறக்காதீர்கள், தன் வார்டுக்காரர்தான் என்று பார்த்ததும் அவருக்குத் தெரியவேண்டும்.