ஐபிஎம் ஐ-யில் 7008 பிழை: செலக்ட் ஓடுகிறது, அப்டேட் மட்டும் ஏன் நிற்கிறது?

ஏஎஸ்/400 என்று இன்றும் பலர் சொல்லும் ஐபிஎம் ஐ என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தில் எஸ்க்யூஎல் பழகுகிறவர்கள் சீக்கிரமே சந்திக்கும் பிழை எஸ்க்யூஎல்7008. அதே டேபிளில் செலக்ட் நன்றாக ஓடும், அப்டேட் ஓடாது. உடனே பர்மிஷன் பிரச்சினை என்று நினைத்துவிடுகிறோம். பெரும்பாலும் காரணம் ஜர்னல்தான்.

கமிட்மென்ட் கன்ட்ரோல் என்றால், செய்த மாற்றத்தை வேண்டாம் என்று திரும்பப் பெறும் வசதி. அதற்குப் பழைய மதிப்பு எங்காவது எழுதப்பட்டிருக்க வேண்டும். ஜர்னல் அந்தக் குறிப்பேடு. அது இல்லாத டேபிளில் ரோல்பேக் (மாற்றத்தைத் திரும்பப் பெறுவது) செய்ய முடியாது என்பதால், கமிட்மென்ட் கன்ட்ரோல் இயங்கும்போது சிஸ்டம் அப்டேட்டையே ஆரம்பத்தில் தடுத்துவிடுகிறது.

முதலில் ஜாப் லாகைத் (உங்கள் வேலையின் செய்திகள் பதிவாகும் இடம்) திறந்து, பிழைச் செய்தியின் மேல் கர்சரை வைத்து எஃப்1 அழுத்துங்கள். ரீசன் கோடு 3 என்றால், டேபிளுக்கு ஜர்னல் இல்லை. அல்லது ஜர்னல் மேல் உங்களுக்கு அனுமதி இல்லை.

அடுத்து, உதாரணத்துக்கு ஷாப்லிப் என்ற லைப்ரரியில் உள்ள ஸ்டாக் ஃபைலுக்கு (இங்கே டேபிளையே ஃபைல் என்றும் சொல்வார்கள்), ஃபைலின் விவரம் காட்டும் டிஎஸ்பிஎஃப்டி கட்டளை கொடுங்கள். 'கரன்ட்லி ஜர்னல்ட்' வரியில் 'நோ' இருந்தால் விஷயம் பிடிபட்டது. கிரியேட் ஸ்கீமா மூலம் உருவான லைப்ரரியில் க்யூஎஸ்க்யூஜேஆர்என் என்ற ஜர்னல் தானாக வரும். அங்கே உருவாகும் டேபிள்களும் அதில் சேர்ந்துவிடும். சிஆர்டிலிப் (லைப்ரரி உருவாக்கும் கட்டளை), சிஆர்டிபிஎஃப் (ஃபைல் உருவாக்கும் கட்டளை) வழியாக வந்த பழைய ஃபைல்களுக்கு நாம்தான் சேர்க்க வேண்டும்.

யாரும் அந்த ஃபைலைப் பயன்படுத்தாத நேரமாகப் பார்த்து, இந்த வரிசையில் செய்யுங்கள்:

1. சிஆர்டிஜேஆர்என்ஆர்சிவி: ஜர்னலின் பதிவுகள் சேரும் ரிசீவரை உருவாக்குங்கள். பெயர் 0001 என்று முடியட்டும், அடுத்தடுத்த எண்கள் தானாக வரும்.
2. சிஆர்டிஜேஆர்என்: அந்த ரிசீவரைக் காட்டி ஜர்னலை உருவாக்குங்கள்.
3. எஸ்டிஆர்ஜேஆர்என்பிஎஃப்: ஸ்டாக் ஃபைலை அந்த ஜர்னலோடு இணையுங்கள்.

சரி, சோதித்துப் பார்க்கலாம். இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். எஸ்க்யூஎல்லை நேரடியாகத் தட்டி ஓட்டும் எஸ்டிஆர்எஸ்க்யூஎல் திரையில், கமிட் அமைப்பு வழக்கமாக 'நன்' (கமிட்மென்ட் கன்ட்ரோல் இல்லை) என்றே இருக்கும். அதனால் ஜர்னல் இல்லாமலே அப்டேட் ஓடிவிடும். சிஆர்டிஎஸ்க்யூஎல்ஆர்பிஜிஐ கட்டளை மூலம் கம்பைல் செய்த, எஸ்க்யூஎல் கலந்த ஆர்பிஜி மொழி புரோகிராமுக்கோ 'சேஞ்ச்' (கமிட்மென்ட் கன்ட்ரோல் உண்டு) என்பதுதான் இயல்பு. திரையில் ஓடியது புரோகிராமில் ஓடாததற்கு இதுவே காரணம். எஃப்13 அழுத்தி, செஷன் அமைப்பில் கமிட்டை 'சேஞ்ச்' ஆக்குங்கள். ஒரு வரியை மட்டும் அப்டேட் செய்து, ரோல்பேக் கொடுத்து, பழைய எண்ணிக்கை திரும்பியதா என்று கண்ணால் பாருங்கள்.

அப்டேட்டின் கடைசியில் 'வித் என்சி' (இந்த வரிக்கு மட்டும் கமிட்மென்ட் கன்ட்ரோல் வேண்டாம்) என்று சேர்த்தாலும் பிழை போய்விடும். தற்காலிக ஒர்க் ஃபைலுக்கு அது போதும். ஆனால் ஸ்டாக்கைக் குறைத்து, பில்லையும் எழுதும் வேலையில் அதைச் செய்யாதீர்கள். நடுவில் புரோகிராம் நின்றால் சரக்கு குறைந்திருக்கும், பில் இருக்காது.

இதற்குப் பிறகு எஸ்க்யூஎல்0913 பிழை வரத் தொடங்கினால், யாரோ கமிட் செய்யாமல் (மாற்றத்தை உறுதி செய்யாமல்) வரியைப் பிடித்து வைத்திருக்கலாம். டிஎஸ்பிஆர்சிடிஎல்சிகே கட்டளை எந்த ஜாப் என்று காட்டும். பழைய ரிசீவர்களும் டிஸ்கில் சேர்ந்துகொண்டே போகும். முதலில் பேக்கப் எடுத்துவிட்டு அப்புறம் நீக்குங்கள்.