நைட்ரஜன் ஓடிய அறைக்குள் நுழையும் முன்

ராக்கெட்டின் எஞ்சின் அறையில் நைட்ரஜனை ஓடவிடுவது எதற்கு? ஹைட்ரஜன் கசிந்தாலும் அது எரிய அங்கே ஆக்சிஜன் இருக்கக் கூடாது என்பதற்காக. ராக்கெட்டைக் காக்கும் அந்த ஏற்பாடே உள்ளே போகும் ஆளைக் கொல்லும். 1981 மார்ச் 19 அன்று கென்னடி விண்வெளி மையத்தில், கொலம்பியா விண்வெளி ஓடத்தின் பின்பகுதி அறைக்குள் பணியாளர்கள் போனார்கள். வேலையைத் தொடர அனுமதி வந்திருந்தது; நைட்ரஜன் மட்டும் நிற்கவில்லை. மயங்கி விழுந்தவர்களில் இருவர் இரண்டு வாரங்களுக்குள் இறந்தனர்.

மூச்சு முட்டினால் ஓடி வந்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். நமக்கு மூச்சு முட்டுவது பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு உடலில் சேர்வதால். நைட்ரஜனைச் சுவாசிக்கும்போது அது வழக்கம்போல வெளியேறிவிடும், திணறலே இருக்காது. ஆக்சிஜன் 6 சதவீதத்துக்கும் கீழே போன இடத்தில் ஓரிரு மூச்சிலேயே நினைவு தப்பிவிடும்.

ஆகவே முதல் வேலை நைட்ரஜன் வரும் வழியை அடைப்பது. வால்வை மூடினால் போதாது, வால்வு கசியும். குழாயைக் கழற்றுங்கள், அல்லது நடுவே அடைப்புத் தகடு வையுங்கள். பூட்டுப் போட்டு, உள்ளே போகிறவரே சாவியை வைத்துக்கொள்ளட்டும்.

பிறகு ஊதுகாற்றாடியால் காற்று செலுத்துங்கள். காற்றுக்குழாயின் முனை வாசலிலேயே நின்றுவிட்டால் கடைசி மூலையில் நைட்ரஜன் அப்படியே தங்கிவிடும். காற்றாடி உறிஞ்சும் பக்கம் நைட்ரஜன் வெளியேறும் வாய்க்கு அருகில் இருந்தால் நிலைமை இன்னும் மோசம்: வெளியேற்றியதையே திரும்ப உள்ளே தள்ளிக்கொண்டிருப்பீர்கள். சீக்கிரம் முடியட்டும் என்று ஆக்சிஜனைத் திறந்துவிடுவது அறவே கூடாது. 23.5 சதவீதத்தைத் தாண்டினால் சிறு பொறி பட்டாலும் உடுத்திய துணியே சட்டெனப் பற்றி எரியும்.

ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவியை வெளிக்காற்றில் முதலில் இயக்குங்கள், 20.9 சதவீதம் காட்ட வேண்டும். சோதனை வாயுவைக் காட்டி எச்சரிக்கை மணி அடிக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு தலையை உள்ளே நீட்டாமல், மாதிரிக்குழாயை மட்டும் விட்டு மேல், நடு, கீழ் என மூன்று மட்டத்திலும், தடுப்புகளுக்குப் பின்னாலும் அளக்க வேண்டும். குளிர்ந்த நைட்ரஜன் தரையில் தேங்கும், ஹீலியம் கூரையில் தங்கும். குழாய் நீளமாக இருந்தால் எண் நிலைக்க நேரமாகும், அவசரப்பட வேண்டாம். காற்றாடியை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து மீண்டும் அளந்து பாருங்கள். எண் இறங்கினால் எங்கோ இன்னும் கசிகிறது.

19.5 சதவீதத்துக்குக் கீழே நுழையக் கூடாது. ஆனால் 19.9 வந்துவிட்டதே என்று நிம்மதி அடைவதும் தவறு. காற்றில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆக்சிஜன். அது 1 சதவீதம் குறைந்திருந்தால் ஏறக்குறைய 5 சதவீதம் வேறொரு வாயு உள்ளே வந்திருக்கிறது என்று அர்த்தம். நைட்ரஜன் என்றால் சமாளிக்கலாம். நச்சு வாயுவாக இருந்தால் அது 50,000 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கில் 50,000 பங்கு. காரணம் தெரியாமல் 20.9-இலிருந்து இறங்கிய எண்ணை ஏற்காதீர்கள்.

வெளியே ஒருவர் காவல் நிற்க வேண்டும்; அவருக்கு வேறு வேலை கொடுக்கக் கூடாது. உள்ளே விழுந்தவரைத் தூக்க, தனிக் காற்று உருளை இல்லாமல் அவர் பாயக் கூடாது. வடிகட்டி முகமூடி இங்கே பயன்படாது. இல்லாத ஆக்சிஜனை அது எங்கிருந்து தரும்?

ராக்கெட் எரிபொருளான ஹைட்ரசின் விஷயத்தில் மூக்கு வேறு விதமாக ஏமாற்றும். அதன் அம்மோனியா வாடை தெரிய 3 முதல் 4 பிபிஎம் வேண்டும்; அமெரிக்கச் சட்டத்தின் பணியிட வரம்போ 1 பிபிஎம். வாடை வந்தால் வரம்பைத் தாண்டியாயிற்று. தோல் வழியாகவும் அது உடலில் ஏறுவதால் காற்று இணைப்புள்ள முழு உடல் கவச உடை அவசியம். மேலே தெறித்தால் உடையைக் களைந்து குறைந்தது 15 நிமிடம் தண்ணீரில் கழுவுங்கள்.

அந்த எரிபொருளை எரிக்க உதவும் நைட்ரஜன் டெட்ராக்சைடின் செம்பழுப்புப் புகையைச் சுவாசித்தவர் நன்றாக இருக்கிறேன் என்று சொன்னாலும் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். நுரையீரலில் நீர் கோப்பது பல மணி நேரம் கழித்தும் தொடங்கலாம். 1975 ஜூலையில் அமெரிக்க-சோவியத் கூட்டுப் பயணமான அப்போலோ-சோயுஸ் முடிந்து இறங்கும்போது இந்தப் புகை அப்போலோ கலத்துக்குள் புகுந்தது, ஒருவர் நினைவிழந்தார். விண்வெளி வீரர்கள் மூவரையும் ஹோனலுலுவில் மருத்துவமனையில் வைத்துக் கவனித்தார்கள்.

விண்வெளி நிலையத்தின் குளிரூட்டும் குழாய்களில் அம்மோனியா ஓடுகிறது; விண்நடையில் அது உடையின் மேல் படிந்தால் உடனே உள்ளே வரக் கூடாது. 2001 பிப்ரவரியில் அமெரிக்க விண்வெளி வீரர் ராபர்ட் கர்பீமுக்கு அப்படி ஆனபோது, அரை மணி நேரம் வெயிலில் நின்று அதை ஆவியாக விட்டார். உடன் வந்தவர் உடையைத் தூரிகையால் துடைத்தார். அறைக்குள் திரும்பிய பிறகும் குழுவினர் சிறிது நேரம் ஆக்சிஜன் முகமூடியைக் கழற்றவில்லை.