வடசென்னையிலிருந்து பிள்ளைகளோடு மூன்று நாள்: பெரிய முருகன், பெரிய குதிரை, கல்லாய்ப் போன மரம்

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பெரிய பொருள் ஒன்றும் புதிதில்லை. காசிமேட்டுக் கரையில் நின்றாலே துறைமுகத்துக் கிரேன் தெரியும், எண்ணூர் பக்கம் போனால் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி தெரியும். ஆனால் அவற்றுக்குப் பக்கத்தில் போக விடமாட்டார்கள். ஊர்ப்புறத்தில் நெடுஞ்சாலையோரம் நிற்கிற பெரிய சிலைகள் அப்படியில்லை, காலடியில் நின்று கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்கலாம். இந்தப் பயணத்தை நான் எல்லோருக்கும் சொல்வது அதனால்தான்.

முதல் விதி, ஒரு நாளைக்கு இரண்டு இடத்துக்கு மேல் வேண்டாம். முதல் தடவை நாங்கள் ஒரே நாளில் ஐந்து இடம் என்று எழுதி வைத்துக்கொண்டு கிளம்பினோம். நான்காவது கோவிலில் உச்சி வெயில், கருங்கல் தளத்தில் செருப்பில்லாமல் நடந்த அம்மாவுக்கு உள்ளங்கால் கொப்பளித்துவிட்டது, சின்னவள் காரை விட்டு இறங்கவே மாட்டேன் என்று அழுதாள். அதிலிருந்து காலை பத்து மணிக்குள் ஒன்று, மாலை நான்குக்கு மேல் ஒன்று, அவ்வளவுதான். நடுவில் பயணம், சாப்பாடு, தூக்கம். மதியம் பெரும்பாலான கோவில்களில் நடையும் சாத்தியிருக்கும்.

கிளம்புகிற நேரம்தான் நமக்குப் பெரிய விஷயம். மணலி, எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் இருப்பவர்கள் ஊருக்குள் போகவே வேண்டாம், மீஞ்சூரிலிருந்து வண்டலூர் வரை போகிற வெளிவட்டச் சாலையைப் பிடித்தால் 62 கி.மீ.தான், நேராக ஜிஎஸ்டி சாலையில் போய்ச் சேரலாம். கன்டெய்னர் வரிசை கட்டுவதற்கு முன், நாலு மணிக்கு வண்டியை எடுத்துவிட வேண்டும். ராயபுரம், வண்ணாரப்பேட்டை ஆட்கள் அந்த நேரத்தில் கடற்கரைச் சாலை வழியாகவே கிண்டி போய்விடலாம். ஃபாஸ்டேக்கில் பணம் இருக்கிறதா என்று முந்தின இரவே பாருங்கள், பரனூர் சுங்கச்சாவடியில் போய் நின்றுகொண்டு பார்க்காதீர்கள்.

முதல் நாள் செங்கல்பட்டு, திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி வழியாக சேலம் மாவட்டத்து ஆத்தூர். ஒன்று கவனியுங்கள்: திண்டிவனத்துக்கு முன்னாலேயே ஆத்தூர் சுங்கச்சாவடி என்று ஒன்று வரும், அது வேறு ஆத்தூர். மேப்பில் வெறும் ஆத்தூர் என்று போடாமல் 'புத்திரகவுண்டன்பாளையம் முத்துமலை முருகன்' என்றே போடுங்கள். ஏறக்குறைய 300 கி.மீ., நிறுத்தி நிறுத்திப் போனால் ஏழு மணி நேரம் ஆகும். வெயில் ஏறிய பிறகு போய்ச் சேர்ந்தால் ஆத்தூரிலேயே சாப்பிட்டு, இளைப்பாறிவிட்டு நாலு மணிக்கு மேல் போங்கள்.

இந்த முருகன் சிலை 146 அடி. 2022 ஏப்ரலில் குடமுழுக்கு நடந்தது. மலேசியாவில் பத்துமலை முருகன் 140 அடி, 2006இல் திறந்தார்கள். அதைச் செய்த திருவாரூர் தியாகராஜன் ஸ்தபதியேதான் இதையும் செய்தார், அதைவிட ஆறடி கூட்டி. இதைக் காரிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள், அங்கே போனதும் அவர்களே நாலு பேருக்குச் சொல்வார்கள். நம் தெருவில் ஒரு மாடி பத்தடி என்று வைத்தால் பதினாலு மாடிக்கு மேல் வருகிறது, அந்தக் கணக்கில் சொன்னால் உடனே பிடிபடும். படம் எடுக்கப் பக்கத்தில் நிற்காதீர்கள், முகம் சிறுத்துப் பாதம்தான் பெரிதாக விழும். முதலில் தூரத்தில் நிறுத்தி ஒன்று எடுத்துவிட்டு, அப்புறம் போனைப் பையில் போட்டுவிட்டு உள்ளே போங்கள்.

ராத்திரி சேலத்தில் தங்கல். தட்டுவடை செட் சாப்பிடாமல் தூங்கக் கூடாது. இரண்டு தட்டுவடைக்கு நடுவில் துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், கார சட்னி ஒன்று, புதினா சட்னி ஒன்று. வாயில் வைத்ததும் மொறுமொறுப்பு முதலில், காரம் அப்புறம். கவுச்சி சாப்பிட்டுவிட்டுக் கோவிலுக்குள் வரமாட்டேன் என்பது எங்கள் அம்மாவின் கட்டளை, அதனால் மீன், கறியெல்லாம் அன்றைய கோவிலை முடித்த பிறகு ராத்திரிக்குத்தான். பகலுக்கு எண்ணெய் தடவிய பொடி இட்லி, புளிசாதம் கட்டிக்கொள்வோம்.

இரண்டாம் நாள் காலையில் நாமக்கல். ஆஞ்சநேயர் 18 அடி, நேற்று பார்த்ததற்கு இது சின்னதாகத் தெரியும் என்று நினைத்தேன், அப்படியில்லை. தலைக்கு மேல் கூரை கிடையாது, கைகூப்பி எதிரே நரசிம்மரைப் பார்த்தபடி வெட்டவெளியில் நிற்கிறார். என்னைக் கேட்டால் அடிக்கணக்கைவிட நிற்கிற விதம்தான் பெருமை தருகிறது. வெளியே வந்ததும் லாரி பாடி கட்டும் பட்டறைகள் பக்கம் வண்டியை மெதுவாக ஓட்டுங்கள். மாதவரத்தில் தினமும் முழு லாரியைப் பார்க்கிற பிள்ளைகள், வெறும் சட்டமாக நிற்கிற லாரியை அங்கேதான் பார்ப்பார்கள். அப்புறம் திருச்சி, அங்கே சாப்பாடு, சாயங்காலம் புதுக்கோட்டையில் அறை. அன்றைக்கு வேறு எதுவும் வேண்டாம்.

மூன்றாம் நாள் விடிந்ததும் குளமங்கலம், கீரமங்கலத்துக்குப் பக்கத்தில். பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோவில் குதிரை முப்பதடிக்கு மேல், முன்னங்காலைத் தூக்கிப் பாய்கிற நிலையில் நிற்கிறது. மாசி மகத்துக்குக் குதிரை உயரத்துக்கே காகிதப்பூ மாலை கட்டி வண்டியில் கொண்டுவந்து சாத்துவார்கள், குதிரையே தெரியாத அளவுக்கு மாலை ஏறிவிடும். கைக்குழந்தையோடு போகிறவர்கள் அந்தக் கூட்ட நாளைத் தவிர்த்துவிடுங்கள்.

தையல்காரர் டேப் ஒன்று எடுத்துப் போங்கள், குதிரையின் உயரத்தைப் பிள்ளைகளையே அளக்கச் சொல்லலாம். பிள்ளையைச் சமதரையில் நிறுத்தி அவள் நிழலை அளக்க வேண்டும், அதே நேரத்தில் குதிரைத் தலையின் நிழல் விழும் நுனி வரை அளக்க வேண்டும், தலைக்கு நேர் கீழே இருக்கிற இடத்திலிருந்து. நாலடிப் பிள்ளையின் நிழல் ஐந்தடி, குதிரை நிழல் நாற்பதடி என்றால் உயரம் 32 அடி. எட்டு, ஒன்பது மணி வெயில்தான் இதற்குச் சரி. அளந்து முடிக்கிற வரை என் மகள் தண்ணீர்கூடக் கேட்கவில்லை.

திரும்பும் வழியில் திருச்சி - பெரம்பலூர் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே பிரிந்து சாத்தனூர். இது நிற்கிற சிலை இல்லை, படுத்திருக்கிற மரம். 18 மீட்டர் நீளம், ஏறக்குறைய 12 கோடி வருஷத்துக்கு முன்னால் வாழ்ந்து கல்லாகிவிட்டது. 1940இல் நிலவியல் ஆய்வாளர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டுபிடித்துச் சொன்னார். ஆளில்லாத அமைதியான இடம், வேலிக்கு இந்தப் பக்கம் நின்றே பட்டையின் வரியெல்லாம் பார்க்கலாம். அந்தக் காலத்தில் கடல் இதுவரைக்கும் வந்திருந்தது என்றேன். பெரியவன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் நின்றுவிட்டு, "அப்போ காசிமேடு எங்கப்பா இருந்தது?" என்று கேட்டான்.

அங்கிருந்து சாயங்காலம் ஐந்துக்குள் கிளம்பினால் ராத்திரி பதினொன்றுக்குள் வீடு. ஞாயிற்றுக்கிழமை திரும்புவது மாதிரி வைத்துக்கொள்ளாதீர்கள், அன்றைக்கு விக்கிரவாண்டியிலிருந்தே வண்டிகள் ஊர்ந்துதான் வரும். வியாழன் கிளம்பி சனி திரும்புங்கள், ஞாயிறு பிள்ளைகள் தூங்கட்டும்.